‘ரீஃபண்ட் வந்துடும் மேடம்’

2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்‌ஷி சின்ஹா 18,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோன் ஆர்டர் செய்தார். பெட்டி சீல் கலையாமல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரும்புத் துண்டு. படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். விற்ற நிறுவனம் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டது. 2022 தீபாவளி நேரத்தில் மங்களூருக்காரர் ஒருவர் லேப்டாப்புக்குக் காத்திருந்தார். வந்த பெட்டியில் ஒரு பெரிய கல்லும் கொஞ்சம் மின்குப்பையும் இருந்தன. சேதி நாளிதழ்களில் அடிபட்டது, பணமும் திரும்பியது.

இந்த இருவருமே கொடுத்துவைத்தவர்கள். நடிகை என்பதாலோ, பேப்பரில் பெயர் வந்ததாலோ மட்டுமல்ல. கல்லையும் இரும்பையும் அனுப்பியது யாராக இருந்தாலும், அவர்களுக்கு மேலே பெயரும் முகவரியும் கொண்ட ஒரு நிறுவனம் இருந்தது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் கடிவாளம் போட்டிருக்கின்றன. குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளையும், விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையும் ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று விற்பவர் சொல்ல முடியாது. அலைச்சல் இருக்கும், கஸ்டமர் கேர் இசையை மணிக்கணக்கில் கேட்க நேரலாம். ஆனாலும் தட்டுவதற்கு ஒரு கதவு உண்டு.

கதவே இல்லாத கடைகளில் மாட்டியவர்களின் பாடுதான் வேறு. இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு விளம்பரம் வரும். ‘கடையை மூடுகிறோம், கடைசி ஸ்டாக்’ என்ற வரியோடு காட்டன் பட்டுப் புடவை, 599 ரூபாய். படத்தில் இருப்பது வேறொரு கடையின் புடவை, வேறொரு கடையின் மாடல். கேஷ் ஆன் டெலிவரி உண்டு என்றதும் சந்தேகப் பேர்வழிகளும் மனம் இளகிவிடுகிறார்கள். பொருள் வந்த பிறகுதானே பணம்! ஆனால் கூரியர் தம்பி பணத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க விடுவார். உள்ளே கொசுவலை போல ஒரு துணி இருக்கும். அதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அவரைக் கோபித்தும் பயனில்லை, கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே அவர் வேலை. பொட்டலத்தின் மேல் உள்ள எண்ணைக் கூப்பிட்டால் ‘சுவிட்ச் ஆஃப்’.

599 என்பது யோசித்து வைத்த விலை. வீட்டில் சொன்னால், “விடும்மா, ஐந்நூறு ரூபாய்க்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கணுமா?” என்பார்கள். போய்வரும் ஆட்டோ செலவே அதில் பாதி ஆகிவிடும். ஏமாற்றுகிறவன் துணியின் தரத்தை வைத்து விலை போடுவதில்லை. வாங்கியவரின் சலிப்பு எந்தத் தொகையில் தொடங்கும் என்பதை அளந்து போடுகிறான். ஐம்பதாயிரம் போனால் ஊரே திரளும். ஐந்நூறு போனால் வீடுகூட அனுதாபப்படாது, “படிச்சவதானே நீ?” என்ற கேள்வி வேறு வரும்.

சலித்துப் போகாமல் பணத்தைத் தேடிப் புறப்படுகிறவருக்குத்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. முதல் வேலையாக அவர் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுவார். மேலே வந்து நிற்கும் எண்களில் சில, அந்த நோக்கத்துக்காகவே ஏமாற்றுக்காரர்கள் போட்டு வைத்தவை. ஃபோனை எடுப்பவர் மரியாதையின் உருவமாக இருப்பார். “ரீஃபண்ட் வந்துடும் மேடம், நான் அனுப்புற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, யூபிஐ பின் போடுங்க.” இல்லையென்றால், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார், அது நம் ஃபோன் திரையை அவருக்குக் காட்டும் ஆப். அப்படிப்பட்ட எனிடெஸ்க் செயலியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே வங்கிகளை எச்சரித்தது. 2022 மார்ச்சில் இப்படிப்பட்ட தந்திரங்களைத் தொகுத்து ஒரு கையேடே வெளியிட்டது. யூபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. இது பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் மாட்டுகிறார்கள். பணம் கேட்டு வருகிறவனிடம் இருக்கும் எச்சரிக்கை, தருகிறேன் என்று வருகிறவனிடம் இருப்பதில்லை. அதிலும் ரீஃபண்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அழைப்பு அந்நியனின் அழைப்பாகவே தோன்றாது. 599 போன இடத்தில் 40,000 போவது இப்படித்தான்.

சரி, உண்மையான வழி என்ன என்றால், அதுவும் நேரான சாலையாக இல்லை. வங்கிக்குப் போனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி, “பின் நம்பரை நீங்களே போட்டீங்களா?” என்பதுதான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு பலரும் மேற்கோள் காட்டுவது: வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல், அனுமதியின்றிப் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. நல்ல உத்தரவு. ஆனால் போலிக் கடைக்குத் தன் கையாலேயே பின் போட்டுப் பணம் அனுப்பியவருக்கு அது குடை பிடிப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் ஏமாந்து கொடுத்தவர், திருட்டுக் கொடுத்தவர் அல்ல. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் நிலைமை கொஞ்சம் மேல்: ‘பொருள் வரவில்லை’, ‘வேறு பொருள் வந்தது’ என்று வங்கி மூலம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். அதற்கும் கெடு உண்டு. கையில் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்த வழியும் இல்லை.

பணம் போனதும் அழைக்க வேண்டிய சைபர் மோசடி உதவி எண் 1930. அதற்கு உள்ள மதிப்பு வேகத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணோடு தொடங்கிய இந்த ஏற்பாட்டில், புகார் பதிவானவுடன் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கும். பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் பின்தொடரும். பணப்பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணும் நேரமும் கையில் இருந்தால் ஐந்து நிமிடம் மிச்சமாகும், அந்த ஐந்து நிமிடத்தில்தான் பணம் கணக்கு மாறிக்கொண்டிருக்கும். நிறுத்தி வைத்த பணமும் தானாக வீடு திரும்பிவிடாது. பல வழக்குகளில் நீதிமன்ற உத்தரவு வாங்கியே பெற வேண்டியிருக்கிறது. ‘ஹோல்டு போட்டாச்சு’ என்ற குறுஞ்செய்தியைப் பார்த்து இனிப்பு வாங்கியவர்கள் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பதும் நடக்கிறது.

நுகர்வோர் சட்டம் காகிதத்தில் தாராளமானது. 2019 சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துச் சொன்னால், பெயருள்ள நிறுவனங்கள் பலவும் வழக்குக்கு முன்பே இறங்கி வருகின்றன. ஆனால் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா? தபால்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்?

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு பட்டாசுக் கிளையும் உண்டு. தீபாவளி நெருங்கினால் ‘சிவகாசி நேரடி விலை’ என்று இணையக் கடைகள் முளைக்கும்; கிஃப்ட் பாக்ஸுக்கு எண்பது, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்பார்கள். பாதிப் பணமோ முழுப் பணமோ கட்டியதும் வாட்ஸ்அப்பில் பிளாக். மாநில சைபர் கிரைம் பிரிவு பண்டிகைக்கு முன்பே எச்சரித்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஏமாந்தவர் புகார் எழுத உட்கார்ந்தால், விற்கவே கூடாத இடத்தில் வாங்கப்போன கதையையும் சேர்த்து எழுத வேண்டும். பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடத் தேவையில்லை, அந்தத் தடை விற்பவருக்குப் போட்டது, ஏமாந்தவர் புகார் தருவதைத் தடுப்பதல்ல. ஆனாலும் வெட்கத்துக்குச் சட்டப்பிரிவு புரியாது.

அந்த வெட்கத்தின் பலன் ஏமாற்றுகிறவனுக்குத்தான்: கோவையில் 599, திருநெல்வேலியில் 1,200, பாட்னாவில் 899 என்று ஒரே வங்கிக் கணக்குக்குப் போன தொகைகளைச் சேர்த்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. தனித்தனியாகச் சில்லறை, புகார்களாகப் பதிவானால்தான் அவை ஒரே கணக்கு எண்ணின் கீழ் வந்து நிற்கும், காவல்துறையின் கண்ணிலும் படும்.

ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் எப்போது தொடங்கியது, இதற்கு முன் என்னென்ன பெயர்களில் இருந்தது என்பதை அந்தப் பக்கத்தின் விவரப் பகுதியிலேயே பார்க்கலாம். இன்று புடவைக்கடை, ஐப்பசியில் பட்டாசுக்கடை, அதற்கு முன் யாரோ ஒரு நடிகரின் ரசிகர் மன்றம். மூன்று தட்டலில் கிடைக்கும் தகவல்தான், ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கும் வரை அதைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.