கீழே இருக்கும் கை

ஆரித் தையல் கற்க வருகிறவர்கள் ஊசி பிடிக்கிற கையைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, துணிக்கு அடியில் நூல் கொடுக்கிற இடது கையை. திருத்தணியில் நான் நடத்தும் பயிற்சியில் தொடக்கத்தில் சமிக்கியும் கிடையாது, மணியும் கிடையாது. தட்டினால் டம்மென்று கேட்கும்படி சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவது, பிறகு செயின் தையல், அவ்வளவுதான்.

ஊசிப் பிடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். கொக்கி பார்க்கிற பக்கமே திருகும் பார்க்கும்படி ஊசியை மாட்டுங்கள். துணிக்கு அடியில் போன கொக்கி கண்ணுக்குத் தெரியாது, அது திரும்பியிருக்கும் திசையைத் திருகுதான் காட்டும். ஊசி இறங்கியதும் இடது கை நூலைக் கொக்கியில் சுற்றிவிடும். வலது கை ஊசியைத் திருப்பி, அதன் முதுகால் துளையின் ஓரத்தை அழுத்தியபடி மேலே எடுக்கும். அழுத்தாவிட்டால் கொக்கி துணியின் இழையைக் கவ்விக்கொள்ளும். கட்ச் பகுதியில் மோச்சிகள் தோல் தைத்த ஊசியின் வழிவந்தது இது, மெல்லிய துணியில் முரட்டுத்தனம் காட்டினால் கிழித்துவிடும்.

நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளர விட்டால் கண்ணி தொங்கும். அந்த அளவை என் மாஸ்டர் வாயால் சொன்னதே இல்லை. தான் தைக்கும்போது சட்டத்துக்கு அடியில் ஓடுகிற நூலை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். பிடித்தும் பிடிக்காமலும் ஓடியது. இன்று என்னிடம் வருகிறவர்களுக்கும் அதையேதான் செய்கிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் ரவிக்கைக் கை ஓரம் முழுவதும் அழகாகத் தைத்துவிட்டு, கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் நூலை வெட்டினாள். நுனி எதிலோ மாட்டி இழுபட, வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. “அக்கா, எல்லாம் போச்சு” என்று அழுதாள். பருத்தியாக இருந்ததால் துளைகளை நகத்தால் தேய்த்து மூடி, மறுபடி தைக்க முடிந்தது. பட்டில் துளை அப்படியே நிற்கும். பழகுவதற்குப் பருத்திதான் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கை படிந்தவர்களுக்குக் கலம்காரித் துணி கொடுப்பேன். நகரி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டினால், அந்தத் துணி எழுதுகிற காளஹஸ்தி. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் அங்கே பயிற்சி மையம் வந்து, அருகிப்போன அந்த வேலைக்கு மறுபடி ஆட்கள் கிடைத்தார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊறவைப்பார்கள், மை பரவாமல் நிற்க. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறும். மூங்கில் குச்சிப் பேனாவில் எழுதி, சிவப்புக்குப் படிகாரம் பூசி, மறுபடி மறுபடி அலசுவார்கள்.

இத்தனை பேர் கை பட்ட துணியில் நாம் புதிதாகப் படம் போட வேண்டியதில்லை. பட்டர் பேப்பரில் குத்தி, மண்ணெண்ணெயில் கரைத்த வெள்ளைப்பொடியைத் தேய்க்கும் வேலை மிச்சம். பேனா போன கோட்டின் மேலேயே போனால் போதும். ஆனால் அந்தக் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். வளைவு வந்தால் கண்ணியைச் சிறிதாக்குங்கள், நேர்கோட்டில் கொஞ்சம் நீட்டலாம். உருவங்களின் நகைக்கும் கிரீடத்துக்கும் ஜரி போடுங்கள். ஜர்தோசி வைப்பதானால் சுருளை லேசாக இழுத்துவிட்டு வெட்டுங்கள், அப்போதுதான் வளைவில் படியும்.

கண்ணும் உதடும் எழுதியிருக்கிற இடத்தில் நான் ஊசி வைப்பதில்லை. முகத்திலும் கல் பதித்துத் தரக் கேட்டு வந்தவர்களிடம் துணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.