எந்த ஆட்டம் பெரிய ஆட்டம்?

ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கையால் வீசுகிறார்கள், கையால் பிடிக்கிறார்கள். பிடித்தவனை நாலு பேர் சேர்ந்து தரையில் சாய்க்கிறார்கள். காலுக்கு வேலை வருவது எப்போதோ ஒரு தடவை. இந்த ஆட்டத்துக்கு அமெரிக்க ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமோ, வாசகர்களே? 'புட்பால்'!

அப்படியானால் உலகம் முழுவதும் காலால் ஆடுகிறதே, அதற்கு என்ன பெயர் என்று கேட்பீர்கள். அதற்கு அங்கே 'சாக்கர்' என்று பெயர். இந்தச் சொல் காதில் விழுந்தால் இங்கிலாந்துக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் அது அவர்கள் பெற்ற பிள்ளைதான். 1863-ல் லண்டனில் புட்பால் அசோஸியேஷன் ஏற்பட்டது. பிற்பாடு ஆக்ஸ்போர்டு மாணவர்கள் 'அசோஸியேஷன்' என்ற நீளச் சொல்லை நறுக்கி, நடுத் துண்டை எடுத்து, ஒரு வாலை ஒட்டி 'சாக்கர்' ஆக்கினார்கள். பெற்றவர்கள் மறந்த பிள்ளையை அமெரிக்காக்காரர்கள் வளர்க்கிறார்கள். அவ்வளவுதான் சமாசாரம்.

குழப்பம் வராமல் இருக்க, இனி நான் 'புட்பால்' என்றால் அவர்கள் ஆட்டம். 'கால்பந்து' என்றால் உலகத்தின் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டில் எது பெரியது, எதை ஆடுகிறவன் உண்மையான தேகக் கட்டுள்ளவன் என்ற விவாதம் அந்த நாட்டில் ஓய்ந்த பாடில்லை. 2023-ம் வருஷக் கோடையில் நியூஜெர்ஸியில் என் பெண் வீட்டில் நாலு மாதம் தங்கியிருந்தபோது அதில் நானும் மாட்டிக்கொண்டேன். எனக்கு எதிர்க்கட்சி, அடுத்த வீட்டுப் பெரியவர். எழுபத்தைந்து வயது. நியூயார்க் ஜயண்ட்ஸ் என்ற புட்பால் அணியின் பரம பக்தர்.

விவாதம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் உங்களிடம் சொல்ல வந்திருக்க மாட்டேன். பேரனுக்குப் பதினாலு வயது. செப்டம்பரில் ஹைஸ்கூல். அங்கே புட்பாலும் கால்பந்தும் ஒரே இலையுதிர் காலத்தில் நடப்பவை. ஆகவே ஏதாவது ஒன்றில்தான் சேரலாம். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு சம்மதப் பத்திரம் கையெழுத்தாகாமல் கிடந்தது. மாப்பிள்ளைக்குப் பையன் புட்பால் ஆட வேண்டும் என்று ஆசை.

"மாமா, நான் இந்த ஊருக்குப் படிக்க வந்தபோது ஆபீஸிலும் காலேஜிலும் திங்கட்கிழமையானால் எல்லோரும் புட்பாலைப் பற்றியே பேசுவார்கள். நான் வாயைத் திறக்க வழியில்லாமல் நிற்பேன். என் பிள்ளை அப்படி நிற்க வேண்டாம்" என்றார்.

என் பெண்ணோ, "அப்பா, அவன் ஐம்பது கிலோகூட இல்லை. அந்தக் கூட்டத்தில் போய் விழுந்தால் என்ன ஆகும்?" என்றாள். பையன் ஒன்றும் சொல்லவில்லை.

* * *

பெரியவர் தம் கட்சியை அழகாக எடுத்து வைத்தார்.

"உங்கள் கால்பந்தில் தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு கோல். சில நாள் அதுவும் இல்லை. எங்கள் கூடைப்பந்தில் ஒரு அணியே நூறு புள்ளிக்கு மேல் போடும். பேஸ்பாலில் ஜயிப்பவன் யார் என்று தெரிகிறவரைக்கும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். நீங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று கைகுலுக்கிவிட்டுப் போகிறீர்கள்! அப்புறம், யாராவது தோளில் உரசினால் போதும், புழுவாய்த் துடிக்கிறார்கள். எங்கள் புட்பாலில் முன்வரிசையில் நிற்பவன் முந்நூறு பவுண்டுக்கு மேல் கனம். அவன் இன்னொரு முந்நூறு பவுண்டு மேல் மோதிவிட்டு எழுந்து போய் மறுபடியும் நிற்பான். யார் ஐயா வீரன்?"

நான் புள்ளியிலிருந்து ஆரம்பித்தேன். "புட்பாலில் ஒரு டச்டவுனுக்கு ஆறு புள்ளி, மேலே உதைக்கு ஒன்று, ஆக ஏழு. இருபத்தொன்றுக்குப் பதினாலு என்றால், எங்கள் கணக்கில் மூன்றுக்கு இரண்டுதானே! சில்லறையாக மாற்றிக் கொடுத்துவிட்டால் பணம் பெருகிவிடுமா?"

பெரியவர் சிரித்துவிட்டார். நான் விடவில்லை. புட்பால் பந்தயம் கடிகாரப்படி 60 நிமிஷம். நடந்து முடிய மூன்று மணி நேரம் ஆகிறது. அதில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை 2010-ல் கணக்கெடுத்தது. சுமார் 11 நிமிஷம்! பேஸ்பாலையும் பின்னால் அதே பத்திரிகை அளந்தது. அங்கே ஏறக்குறைய 18 நிமிஷம். கால்பந்தில் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நடுக்களத்தில் ஆடுகிறவன் பந்தயம் முடிவதற்குள் பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறான்.

"ஓடுகிறானா, நடக்கிறானா?" என்றார் பெரியவர்.

நியாயமான கேள்விதான். அந்தப் பத்து கிலோமீட்டரில் பெரும் பகுதி மெல்லோட்டமும் நடையும்தான். தலைதெறிக்க ஓடுவது கொஞ்சமே. புட்பாலில் ஒவ்வொரு மோதலும் ஐந்தாறு விநாடிதான். ஆனால் அந்த விநாடிகளில் உடம்பிலுள்ள சக்தி முழுவதையும் கொட்டியாக வேண்டும். ஒன்று அணையாமல் எரிகிற அடுப்பு, மற்றது வெடி. எது அதிகச் சூடு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சமைக்க வேண்டுமா, பாறை பிளக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்கலாம்.

இதற்குச் சாட்சிகளும் உண்டு. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் பாப் ஹேய்ஸ். அடுத்த வருஷமே டல்லஸ் கௌபாய்ஸ் என்ற புட்பால் அணியில் சேர்ந்து கொடி நாட்டினார். 1972-ல் அந்த அணி சூப்பர் பவுல் ஜயித்தபோது அதில் அவரும் இருந்தார். ஆகா, வேகம் இருந்தால் போதும் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். உலகமே கண்டிராத வேகக்காரர் உசேன் போல்ட். அவர் 2018-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு கால்பந்துச் சங்கத்தில் பயிற்சிக்குப் போனார். ஒரு சிநேகப் பந்தயத்தில் 2 கோல்கூடப் போட்டார். ஆனாலும் ஒப்பந்தம் கூடிவரவில்லை. கூடைப்பந்துச் சக்கரவர்த்தி மைக்கேல் ஜோர்டன் 1994-ல் ஒரு சிறிய பேஸ்பால் அணியில் ஆடினார். நூறு தடவைக்கு இருபது தடவைதான் அவரால் பந்தை உருப்படியாக அடிக்க முடிந்தது. தேகக் கட்டு என்பது எந்தப் பூட்டையும் திறக்கிற ஒரே சாவி அல்ல, வாசகர்களே.

* * *

"கால்பந்து எங்கள் மண்ணுக்கு ஒட்டாது" என்பது பெரியவரின் அடுத்த வாதம். இதை அவர் மட்டும் சொல்லவில்லை. 1986-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலேயே, முன்னாள் புட்பால் வீரரான ஜாக் கெம்ப் எழுந்து, புட்பால் ஜனநாயகமும் முதலாளித்துவமும். கால்பந்து ஐரோப்பிய சோஷலிஸம் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். பந்துக்குக்கூட ஒரு கட்சி அட்டை கொடுத்துவிட்டார்!

ஆனால் அந்த மண்ணின் கதை வேறு. நாங்கள் உட்கார்ந்து பேசிய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது நியூ பிரன்ஸ்விக். அங்கேதான் 1869 நவம்பர் 6-ந் தேதி ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. அமெரிக்கப் புட்பாலின் முதல் காலேஜ் பந்தயம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது! ரட்கர்ஸ் ஆறுக்கு நாலு ஜயித்தது. புட்பால் பிறந்த வீடே கால்பந்து வீட்டின் திண்ணைதான்.

இன்னொரு கதை கேளுங்கள். 1950-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அமெரிக்கா ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது. வால்டர் பார் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் அடித்த பந்தை, ஹெய்டியில் பிறந்த ஜோ கேட்ஜன்ஸ் தலையால் தட்டி வலைக்குள் விட்டார். அந்த ஆசிரியரின் பிள்ளைகளில் இருவர், கிரிஸ், மாட். இரண்டு பேரும் கால்பந்து பழகியவர்கள்; பிறகு புட்பாலுக்குப் போய் உதைக்காரர்கள் ஆனார்கள். 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் ஜயண்ட்ஸ் 20, பபல்லோ 19. ஜயண்ட்ஸை முன்னேற்றிய கடைசி உதை யாருடையது? மாட் பாருடையது!

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த உதையை அவர் மறக்கக்கூடியவரா?

அது மட்டுமா? பழைய நாளில் புட்பாலில் பந்தைக் கால் விரலால் நேராக உதைத்தார்கள். ஹங்கேரியிலிருந்து 1956 புரட்சிக்குப் பின் ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை பீட் கோகோலக். அவன் சேர்ந்த பள்ளியில் கால்பந்து இல்லை. வேறு வழியின்றிப் புட்பாலில் சேர்ந்தான். தனக்குத் தெரிந்தபடி பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைத்தான். 1964-ல் தொழில்முறைப் புட்பாலில் அந்த உதையை முதன்முதலாகக் கொண்டுவந்தவர் அவரே. இப்போது எல்லோரும் அப்படித்தான் உதைக்கிறார்கள்.

கோல் இல்லாத ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1994-ல் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. மொத்தம் 35 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் அரங்கில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பிரேஸிலும் இத்தாலியும் ஒரு கோல்கூடப் போடாமல், கடைசியில் பெனால்டி உதைகளில் பிரேஸில் ஜயித்தது. அதே அரங்கில் 1999-ல் பெண்கள் உலகக் கோப்பை. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடந்த அந்தப் பந்தயத்திலும் கோலே விழவில்லை. பெனால்டியில் அமெரிக்கப் பெண்கள் ஜயித்தார்கள். வந்திருந்தவர்கள் 90,185 பேர். கல்விச் சாலைகளில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1972-ல் ஒரு சட்டம் வந்ததன் பலன் அது. அந்தப் பெண்களிடம் போய் இது அந்நிய ஆட்டம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்!

இதைக் கேட்டதும் பெரியவர் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். 1977 அக்டோபர் 1-ந் தேதி, அதே நியூஜெர்ஸியில், பீலே கடைசியாக ஆடிய பந்தயத்துக்கு அவர் போயிருந்தாராம். ஒரு பாதி நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கும், மறு பாதி தம் பழைய சாண்டோஸ் அணிக்கும் ஆடினார் பீலே. "பின் பாதியில் மழை கொட்டியது. நான் எழுந்து போகவில்லை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

* * *

ஆனால் மேஜை மேல் கிடந்த பத்திரத்துக்கு இந்த வாதம் எதுவும் பதில் அல்ல. என் பெண்ணின் பயம் தலையைப் பற்றியது. 2002-ல் மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல புட்பால் வீரர் ஐம்பதாவது வயதில் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அவருடைய மூளையைப் பரிசோதித்தார். வருஷக்கணக்காக வாங்கிய இடிகள் மூளையைச் சிதைத்திருந்ததைக் கண்டார். அதற்கப்புறம் அமெரிக்கத் தாய்மார்கள் அந்தச் சம்மதப் பத்திரத்தைச் சுலபமாகக் கையில் எடுப்பதில்லை.

அதற்காகக் கால்பந்து பரிசுத்தம் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். அதே 2002-ல் இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்ல் என்ற கால்பந்து வீரர் இறந்தார். தலையால் பந்தை முட்டி முட்டியே மூளை கெட்டது, இது தொழிலால் வந்த வியாதி என்று விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2015-ல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் தலையால் பந்தைத் தொடவே கூடாது என்று விதி செய்தது. எந்த ஆட்டமும் இலவசமாக வருவதில்லை. விலையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான், "மாப்பிள்ளை, ஆடப்போகிறவனை நாம் யாரும் கேட்கவில்லையே!" என்றேன். பையனைக் கூப்பிட்டார்கள்.

"கால்பந்து" என்றான்.

"அம்மா பயப்படுகிறாள் என்றா?" என்றார் அவன் அப்பா.

"இல்லை, அப்பா. புட்பாலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கோச் சொல்லி அனுப்புவார். சொன்னதைச் செய்ய வேண்டும். கால்பந்தில் விசில் ஊதிவிட்டால் கோச் வெளியே. உள்ளே நாங்கள்தான் யோசிக்க வேண்டும்."

நாங்கள் பெரியவர்கள் இருவரும் வாரக்கணக்கில் கிலோமீட்டரையும் பவுண்டையும் நிறுத்துக்கொண்டிருந்தோம். பையன் தராசையே தொடவில்லை! மாப்பிள்ளை ஒரு நிமிஷம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கால்பந்துக்கான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பருவத்தில் பையன் பெரும்பாலும் பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு கடிதம் வந்தது. கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினால் அதிகம். ஆனாலும் ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கவில்லையாம்.

ஆகவே, வாசகர்களே, எந்த ஆட்டம் பெரிய ஆட்டம் என்று உங்கள் வீட்டிலும் வழக்கு வந்தால், அளவுகோலை எடுக்கும் முன் ஆடுகிற பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி வாதம் செய்வதை நிறுத்திவிடாதீர்கள். அதைவிட உடம்புக்குச் சிரமமில்லாத ஆட்டம், என் வயதுக்காரர்களுக்கு வேறு ஏது?