கோசைன்ல இருக்குற 'கோ'

ரெண்டு கோணத்தைக் கூட்டி 90 டிகிரி வந்தா நிரப்புக் கோணங்கள், 180 வந்தா மிகை நிரப்புக் கோணங்கள். இந்த ரெண்டு வரியை மனப்பாடம் பண்ண வெச்சுட்டு அதோட விட்டுடறாங்க பாருங்க, அதுதாங்க என் வயித்தெரிச்சல்.

தங்கச்சி பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. 'சைன் 90 கழித்தல் தீட்டா சமம் காஸ் தீட்டா'ன்னு ஆரம்பிச்சு ஆறு சூத்திரம், மந்திரம் மாதிரி ஓடுது. "பதினொண்ணாவதுல கணக்கே இல்லாத குரூப்தான் மாமா எடுப்பேன்"னுட்டா. பகீர்னு ஆயிடுச்சு.

பேப்பர்ல சுவத்துல சாத்தின ஏணி ஒண்ணு வரைஞ்சேன். முக்கோணத்துக்கு மொத்தமே 180 டிகிரி. அதுல 90ஐ சுவரும் தரையும் சேர்ற மூலை எடுத்துக்கிச்சு. மீதி 90ஐ ஏணியோட அடியும் நுனியும் பங்கு போட்டுக்கணும். அடியில 75னா நுனியில 15. அடியை இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சு 70 ஆக்கினா நுனியில 20. இங்க குறைஞ்சது அங்க போய்ச் சேருது, அவ்வளவுதான்.

இப்ப அடியில நின்னு பாத்தா சுவர் எதிர்ப்பக்கம். நுனியில உக்காந்து பாத்தா அதே சுவர் அடுத்துள்ள பக்கம். ஏணி எட்டுற உயரத்தை ஏணியோட நீளத்தால வகுத்தா வர்றது ஒரே எண். கீழ இருக்கறவர் அதை சைன் 75ங்கறார், மேல இருக்கறவர் காஸ் 15ங்கறார். சண்டை பேர்லதான் :-)

அந்தப் பேரே இதைத்தான் சொல்லுது. 1620ல எட்மண்ட் கன்டர்ங்கற ஆங்கிலேயர், 'நிரப்புக் கோணத்தின் சைன்'ங்கறதை லத்தீன்ல சுருக்கி 'கோ-சைனஸ்'னு எழுதினார். அந்த 'கோ'தான் நிரப்பு. பழைய அட்டவணைகள் பலதுல கோணம் 45 வரைக்கும்தான் இருக்கும். அதுக்கு மேல வேணும்னா அதே பக்கத்தைக் கீழருந்து மேல படிக்கணும். மேல சைன்னு தலைப்பு போட்ட பத்திக்கு அடியில காஸ்னு போட்டிருக்கும். பாதி காகிதம் மிச்சம்!

ஆறு சூத்திரத்துல மூணை அவளே அடிச்சுட்டா. குரூப் பத்தி இன்னும் வாயைத் திறக்கல. "அப்ப 45க்கு மட்டும் சைனும் காஸும் ஒண்ணாவே இருக்குமா மாமா?"ன்னு கேட்டா.

பென்சிலை அவ கையில குடுத்து, ஏணியைச் சாத்திப் பாருன்னேன்.