ரஷ்யா டப்பா

ஸ்ரீரங்கத்தில், அதுவும் சித்திரை வீதியில், எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்தது 2007-ல். கொண்டு வந்தவன் நான்.

பதற வேண்டாம். கோழி போட்டதல்ல. ஆபீஸ் வேலையாக மாஸ்கோ போய்த் திரும்பும்போது இஸ்மாயிலோவோ சந்தையில் பேரம் பேசி வாங்கியது. நீல எனாமல், அதன் மேல் தங்க முலாம் பூசிய கம்பி வலை, நடுநடுவே மினுக்கும் வெள்ளைக் கற்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வெல்வெட். மற்றபடி காலி.

அம்மா பிரித்துப் பார்த்தாள். "என்னடா இது?"

"முட்டைம்மா. ரஷ்யாவிலே ராஜா ராணிக்குக் கொடுக்கறது."

"ஒரு ராஜாவுக்குக் கொடுக்க வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

கூடத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லி ரேழி மாடத்தில் வைத்துவிட்டாள்.

கிடைக்காமல் இல்லை. ரஷ்யர்கள் ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் தோய்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது பழைய வழக்கம். ஜார் மன்னர் சாயமுட்டை கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? 1885-ல் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவி மரியாவுக்காக, பீட்டர்ஸ்பர்கில் நகைக்கடை வைத்திருந்த கார்ல் ஃபேபர்ஷேயிடம் ஒரு முட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். வெளியே பார்த்தால் வெறும் வெள்ளை முட்டை. திருகித் திறந்தால் தங்கத்தில் மஞ்சள் கரு. அதைத் திறந்தால் தங்கக் கோழி. கோழிக்குள் வைரத்தில் குட்டிக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும் இருந்தன. கடைசி இரண்டும் இப்போது இல்லை, எங்கேயோ தொலைந்துவிட்டன. ராணிக்குப் பிடித்துப்போக, வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முட்டை என்று வழக்கமாகிவிட்டது. 1916 வரை மொத்தம் ஐம்பது. ஜார் போட்ட ஒரே நிபந்தனை, உள்ளே ஓர் ஆச்சரியம் இருக்க வேண்டும். 1900-ல் செய்த முட்டைக்குள் சாவி கொடுத்தால் ஓடும் குட்டித் தங்க ரயில், சைபீரிய ரயில்பாதையைக் கொண்டாட.

ஃபேபர்ஷே தன் கையால் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்ஹின், விக்ஸ்ட்ராம் என்று அவரிடம் கெட்டிக்கார ஆசாரிகள் இருந்தார்கள். பேர் என்னவோ முதலாளிக்கு. 1913-ல் வந்த 'குளிர்கால முட்டை'யை வரைந்தவள் அல்மா பில் என்ற இருபத்து சொச்ச வயதுப் பெண். பட்டறை ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனிப்பூவைப் பார்த்து வரைந்தது. அந்த முட்டை 2025 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 2 கோடியே 29 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் கணக்கில் 270 கோடி ரூபாய் பக்கம். நான் வாங்கியதன் விலையை அம்மாவிடமே சொல்லவில்லை, உங்களிடம் சொல்வேனா?

ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அந்தக் கல்லைப் பார்த்தியோ?"

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாஸ்கோ க்ரெம்ளினில் ரஷ்ய ராஜ செங்கோல் ஒன்று இருக்கிறது. அதில் இரட்டைத் தலைக் கழுகுக்குக் கீழே பதித்திருக்கும் வைரத்துக்கு 'ஓர்லோவ்' என்று பெயர். 189.62 காரட். அது ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண் என்று ஒரு கதை. கர்நாடகப் போர்க் காலத்தில் பட்டாளத்தை விட்டு ஓடிவந்த ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் வைஷ்ணவ வேஷம் போட்டு, வருஷக்கணக்கில் கோயிலில் ஊழியம் செய்து நல்ல பேர் வாங்கி, ஒரு புயல் ராத்திரியில் கண்ணைப் பெயர்த்தானாம். ஒரு கண்ணைத்தான். இன்னொன்றை எடுக்கப் பயந்துபோய் ஓட்டம். சென்னப்பட்டணத்தில் ஒரு இங்கிலீஷ் கப்பல் கேப்டனுக்கு 2,000 பவுண்டுக்குக் கொடுத்து, அது கைமாறிக் கைமாறி ஆம்ஸ்டர்டாமில் கிரிகோரி ஓர்லோவ் பிரபுவிடம் வந்தது. 1762-ல் காதரின் ராணி சிம்மாசனம் ஏறக் காரணமான ஆள் அவர். காதலரும்கூட. பின்னால் ராணியின் மனசு மாறிவிட, திரும்பப் பிடிக்க இந்தக் கல்லை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ராணி கல்லைச் செங்கோலில் வைத்துக்கொண்டாள். ஓர்லோவை வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா இதை எனக்கு ஆறு வயதில் சொன்னபோது புயல், மின்னல் எல்லாம் சத்தத்தோடு வரும்.

பார்த்தேன். க்ரெம்ளினில் ஆர்மரி மியூசியம் இருக்கும் அதே கட்டடத்தில் 'வைர நிதி' என்று தனியாக ஒரு கண்காட்சி. மியூசியத்தில் ஃபேபர்ஷே முட்டைகள் பத்து. அவற்றைப் பார்த்த மயக்கம் தெளிவதற்குள் இங்கே செங்கோல். போட்டோ எடுக்கக் கூடாது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. நம் ஊர் தரிசனம் மாதிரியேதான், 'நகருங்கோ'வை ரஷ்ய மொழியில் சொல்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் லேசான நீலப்பச்சை ஓடும் ஒரு கும்மாச்சி. அடி தட்டை, மேலே குவிந்து, சுற்றிலும் சிறுசிறு பட்டைகள். பாதியாக அறுத்த முட்டை.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பார்த்தேம்மா. ஆனா அது நம்மூர்க் கல்லான்னு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி 1665-ல் ஔரங்கசீப்பின் கஜானாவில் ஒரு வைரத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, பாதி முட்டை மாதிரி இருந்தது என்று எழுதி, படமும் போட்டிருக்கிறார். அதைப் பட்டை தீட்டிய போர்ஜியோ என்ற வெனிஸ்காரர் ஏகத்துக்குத் தேய்த்துத் தள்ளிவிட, பாதுஷா கூலி கொடுப்பதற்குப் பதிலாகப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார். 'மொகலாயப் பெரு வைரம்' என்ற அந்தக் கல் 1739-ல் நாதிர் ஷா டெல்லியைக் கொள்ளையடித்த பிறகு கண்ணில் படவில்லை. ஓர்லோவ் அதுதான் என்கிறார்கள் பல நிபுணர்கள். மேலும், பழைய வெள்ளைக்காரப் புத்தகங்களில் திருட்டுப்போனது பிரம்மா சிலையின் கண் என்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் மூலவர் பிரம்மாவா? எழுதியவர் கொள்ளிடம் தாண்டியிருக்கமாட்டார். பிரெஞ்சுப் படை இங்கே இருந்தது மட்டும் நிஜம். 1752-ல் ஜாக் லா என்ற தளபதி இந்தத் தீவில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ரசம் விட்டாள். "சரி" என்றாள். அந்த 'சரி' எனக்கு ராத்திரி தூக்கத்தில்கூடக் கேட்டது. அறுபது வருஷம் ஒருத்தி வைத்திருந்ததை, இரண்டு புஸ்தகம் படித்தவன் பிடுங்கிப் போட்டுவிட்டான். சிப்பாயாவது ஒரு கண்ணோடு விட்டான்.

மறுநாள் நண்பன் வந்தான். உறையூர்க்காரன், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்ச். அவன் அப்பா காலத்திலிருந்து கல் பட்டை தீட்டுகிற குடும்பம். திருச்சி என்றால் மலைக்கோட்டையும் கல்லணையும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளில் செயற்கைக் கல் தீட்டினார்கள். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று நீங்கள் போட்டுக்கொண்ட தோடு, மூக்குத்தியில் பாதி இங்கே பட்டையானது. அரக்கில் ஒட்டிய கல்லைக் குச்சியோடு பிடித்துச் சுழலும் தட்டில் வைத்து, ஒரு மிளகு அளவுக் கல்லில் ஐம்பத்தேழு பட்டை. கண் போய்விடும், விரல் நுனி ரேகை அழிந்துவிடும். பிறகு சைனாவிலிருந்து மெஷின் தீட்டிய கல் கிலோக்கணக்கில் இறங்கியது. நண்பன் அந்த வருஷம் இரண்டு தட்டில் ஒன்றை விற்றுவிட்டு, பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

முட்டையை வாங்கி லென்ஸை வைத்துப் பார்த்தான். "மெஷின் கட்டிங். எல்லா முனையும் ஒரே மாதிரி சேருது பாரு. கையிலே தீட்டினா எங்கியாவது ஒரு மயிரிழை தப்பும்." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான், தப்புவதைப் பற்றி.

இந்தக் கல்லுக்கு 'அமெரிக்கன்' என்று பேர் வந்ததே அநியாயம். கனசதுர சிர்க்கோனியாவைக் கற்களாக வளர்க்கும் முறையை 1973-ல் வெளியிட்டது மாஸ்கோவின் லெபடேவ் இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் ரஷ்யச் சுருக்கப் பெயரிலிருந்து 'ஃபியானிட்' என்று வைத்தார்கள். உருக 2,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. என்ன செய்தார்கள்? தண்ணீர் ஓடும் செப்புக் குழாய்களுக்கு நடுவே பொடியைக் கொட்டி, ரேடியோ அலையால் உள்ளே மட்டும் உருக்கினார்கள். வெளிப்பக்கப் பொடி உருகாமல், ஓடு மாதிரி நின்று தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். முட்டையேதான். இதைச் சொன்னதும் நண்பன் சிரித்தான். "நம்ம கல்லை எடுத்துக்கிட்டு டூப்ளிகேட்டுக்கு வழி காட்டியிருக்கானா?"

அம்மா உள்ளிருந்து, "நம்ம கல் இல்லையாம்ப்பா. இவன் சொல்றான்" என்றாள்.

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு நான் வாங்கிவந்த போஸ்ட்கார்டில் அந்தச் செங்கோல் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கேட்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் வந்தான். காகிதப் பொட்டலத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல். அடி தட்டை, மேலே குவிவு, சுற்றிலும் அடுக்கடுக்காகச் சிறு பட்டைகள். பழைய மொகலாய வெட்டு. "இந்த மாதிரி தீட்டினதே இல்ல. மூணு தடவை அரக்கு விட்டுப்போச்சு. அம்மா, வெச்சுக்குங்க" என்று கொடுத்தான். கூலி என்று நான் ஆரம்பித்ததற்கு முறைத்தான்.

அந்த வருஷக் கொலுவில் ரேழி முட்டை மூன்றாம் படி ஏறியது, 'ரஷ்யா டப்பா' என்ற புதுப் பெயரோடு. செட்டியாருக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில். திறந்தால் உள்ளே வெல்வெட்டில் அந்தக் கல்.

பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டது, "இது என்ன பாட்டி?"

"பெருமாளோட கல். ரஷ்யாவுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துடுத்து."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "1323-லே படையெடுப்புக்குப் பயந்து கிளம்பின நம்பெருமாளே நாற்பத்தெட்டு வருஷம் ஊர் ஊரா இருந்துட்டு 1371-லே வந்து சேர்ந்தார். கல் வராதாக்கும்?"

வருஷமெல்லாம் சரிதான். பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பன் என் தொடையைக் கிள்ளினான், நன்றாகவே வலித்தது.