ஓடாத வேலையின் மௌனம்

கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிற ஸ்கிரிப்ட், நேரம் குறித்து விட்டால் மட்டும் ஓடுவதில்லை. கணினி வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் அங்கே இருக்காது.

லினக்ஸில் நேரம் பார்த்து வேலைகளைக் கிளப்பிவிடும் கிரான், யூனிக்ஸ் காலத்துச் சரக்கு. பால் விக்ஸி 1987இல் எழுதிய பதிப்பின் வழிவந்தவைதான் இன்றும் பல கணினிகளில் இருக்கின்றன. அணைக்கப்படாமல் ஓடும் பெரிய இயந்திரங்களுக்காகப் பிறந்த ஏற்பாடு அது. மேசைக் கணினியோ ராத்திரியானால் அணைந்துவிடும். 2 மணிக்கு வைத்த பேக்கப் அன்றைக்குப் போனது போனதுதான். காலையில் கணினியைப் போட்டதும் விட்டதைப் பிடிக்கும் பழக்கம் கிரானுக்குக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே அனக்ரான் வந்தது. லினக்ஸிலேயே நேரம் குறிக்கும் இன்னொரு ஏற்பாடான சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தாலும் அதே பலன் கிடைக்கும். ஆப்பிள் 2005இல் கொண்டுவந்த லாஞ்ச்டி, மேக் தூங்கிக்கொண்டிருந்தால் விழித்ததும் வேலையைச் செய்துவிடும். அணைத்தே வைத்திருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

கணினி விழித்திருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், அதை ஓட்டும் சூழலைப் பார்க்க வேண்டும். டெர்மினலைத் திறக்கும்போது பயனரின் அமைப்புகள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. கிரான் அவற்றைப் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்தவை பெரும்பாலும் இரண்டே அடைவுகள். தனியாக நிறுவிய மென்பொருளை அங்கே தேடிப் பார்த்துவிட்டு, காணவில்லை என்று நின்றுவிடும். கட்டளையின் முழுப் பாதையையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இன்னொன்று, பலரை மணிக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறது. பேக்கப் கோப்பின் பெயரில் தேதி வரட்டும் என்று சதவீதக் குறி போட்ட கட்டளையைக் கிரான் அட்டவணையில் எழுதுவார்கள். அந்தக் குறியைக் கண்டதும் கிரான் கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும். அதே கட்டளை டெர்மினலில் சிக்கலில்லாமல் ஓடும் என்பதால்தான் காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கதை வேறு. அங்கே ‘கண்டிஷன்ஸ்’ பக்கத்தில், மின்சார இணைப்பு இருந்தால் மட்டுமே ஓட வேண்டும் என்ற கட்டம் முதலிலேயே டிக் செய்யப்பட்டிருக்கும். சார்ஜரைக் கழற்றி வைத்த மடிக்கணினியில் வேலை தொடங்காததற்கு அது போதும். தவறிப்போனதைப் பிறகு ஓட்டச் சொல்லும் கட்டமோ காலியாக இருக்கும். நெட்வொர்க் டிரைவுக்கு எழுத்துப் பெயர் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: லாகின் செய்யாத நேரத்தில் ஓடும் வேலைக்கு அந்த எழுத்து தெரியாது. சர்வர் பெயரோடு முழு முகவரியைத் தர வேண்டும்.

இவற்றையெல்லாம் தேடித் திருத்திவிடலாம். பயப்பட வேண்டியது, தோற்றுவிட்டோம் என்றுகூடச் சொல்லாத வேலைக்குத்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது கிடங்கு காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அன்றாடப் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைக் கிரான் அனுப்பத்தான் செய்தது; சரியான கையொப்பம் இல்லையென்று அவை நிராகரிக்கப்பட்டதால் எவர் கண்ணிலும் படவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் மிச்சத்தைக் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. மற்றவர்களுக்கு அது செய்த பெரிய உதவி.

குறித்த வேலை ஒவ்வொன்றும், வென்றாலும் தோற்றாலும், தேதியோடு ஒரு வரியை எங்காவது எழுதட்டும். அந்தக் கோப்பை வாரம் ஒருமுறை ஒருவர் பார்க்கட்டும். உங்கள் கணினியில் தானியங்கிப் பேக்கப் இருந்தால், அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை இன்றைக்கே எடுத்துத் திறந்து பாருங்கள்.