கெவலார் வழியில் ஒரு பாரவண்டி

ஜெர்மனி நாட்டின் மேற்கெல்லையில், நெதர்லாந்தை ஒட்டி, கெவலார் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. 1641-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஹென்ட்ரிக் புஸ்மன் என்னும் எளிய சுமைவணிகர், அங்குள்ள சாலையோரச் சிலுவையின் முன் நின்று செபித்தார். அவ்விடத்தில் ஓர் ஆலயம் எழுப்பும்படி ஒரு குரல் தமக்குப் பணித்ததாக அவர் கூறினார். 1642-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் உள்ளங்கையளவான ஓர் அன்னையின் அச்சுப்படம் அங்கே நிறுவப்பெற்றது. துயருறுவோரின் தேற்றரவான அந்த அன்னையைச் சுற்றி 1654-இல் ஆறு பக்கங்கள் கொண்ட சிற்றாலயம் எழுந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987-இல் அங்குச் சென்று செபித்தார்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டுத் திங்களின் இரண்டாம் சனிக்கிழமை அத்திருத்தலத்தில் தமிழோசை நிறைகின்றது. போரினால் ஊரிழந்து ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் கூடுகின்றனர். இந்து சமயத்தவரும் அன்னையைத் தேடி வருகின்றனர். மடுத் திருப்பதியைப் பிரிந்த ஏக்கத்தை அவர்கள் அங்கே ஆற்றிக்கொள்கின்றனர் என்றால் மிகையாகாது.

2024-ஆம் ஆண்டுக் கோடையில், டோர்ட்முண்ட் நகருக்கு அருகில் ஒரு பங்கில் துணைப்பணி ஆற்றச் சென்றிருந்தோம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் நம்மையும் கெவலாருக்கு அழைத்தது. தந்தை, தாய், பத்து வயது மகள், மன்னார்ப் பகுதியில் பிறந்த முதிய பாட்டி ஆகிய நால்வர். அவர்கள் அண்மையில் கேரவன் ஒன்றை வாங்கியிருந்தனர். இரண்டு படுக்கை, சிறு அடுப்பு, ஒரு மேசை இவற்றைக் கொண்டு காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. பாட்டியால் ஒரே நாளில் போய்த் திரும்ப இயலாது. ஆகவே முந்தின நாளே சென்று முகாம் மைதானத்தில் தங்குவது என்பது ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் புறப்பட்டோம். அரிசி மூட்டை, பெரிய பாத்திரங்கள், தண்ணீர்க் கலன்கள் யாவும் கேரவனின் பின்கோடியில் ஏறின. பாடற் புத்தகங்கள் நிறைந்த நம் கனத்த பெட்டியையும் நாமே அங்கே வைத்தோம். கேரவனுக்குள் படுத்துக்கொண்டு வருவேன் என்று சிறுமி கெஞ்சினாள். சற்று நேரந்தானே என்று நாமும் அவளுக்காகப் பரிந்து பேசினோம். ஓடும் கேரவனில் ஆளிருக்க இந்நாட்டுச் சட்டம் இடந்தராது என்று தந்தை மறுத்துவிட்டார்.

டூயிஸ்பர்க்கில் ரைன் நதியைக் கடந்து, வடக்கே திரும்பும் நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தோம். வேகமானி 95-ஐக் காட்டியது. இழுவை வண்டிக்குத் தனி அனுமதி பெறாவிடில் அங்கே மணிக்கு 80 கிலோமீட்டரே எல்லை. பெரிய லாரி ஒன்று எம் பக்கத்தில் வந்ததுதான் தாமதம்; பின்னிருந்து ஏதோ ஒரு கை காரைப் பிடித்து உலுக்குவது போல் இருந்தது. கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முன்னதை விடப் பெரிதாயிற்று. தந்தை வேக மிதியிலிருந்து காலை எடுத்து, திருகுசக்கரத்தை நேராகவே பிடித்திருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கிற்று. சாலையோர நிறுத்தத்தில் இறங்கி நின்றபோது எவரும் வாய் திறக்கவில்லை. அச்சிறுமி உள்ளே படுத்திருந்திருப்பாளேயானால்! நாம் பரிந்து பேசியதை எண்ணி நடுங்கினோம்.

முதலில் பேசியவர் பாட்டிதான். கேரவனின் முன்பக்கம் மேல்நோக்கி இருப்பதைச் சுட்டிக் காட்டினார். "தம்பி, இது பின்பாரம். மடுவுக்கு வண்டில் கட்டேக்க என்ர ஐயா முதல்ல பாக்கிறது இதைத்தான். பின்பாரம் கூடினா நுகம் மேல எழும்பும், மாட்டின்ர கழுத்தை இறுக்கும்" என்றார். மாட்டுவண்டிகளில் சமையற் சாமான்களுடன் காட்டு வழியே மடுவுக்குச் சென்று, குடில் கட்டித் தங்கிய தலைமுறை அது. புதிய நாட்டின் புதிய வண்டிக்கும் அந்தப் பழைய கணக்கே பொருந்திற்று.

அன்று மாலை முகாம் மைதானத்தில் அடுத்த கேரவனில் இருந்த ஜெர்மானிய முதியவர் ஒருவர், குளியலறையில் வைக்கும் எடைக்கருவியையும் ஒரு மரக்கட்டையையும் கொண்டுவந்தார். கேரவனின் மூக்கை அதன்மீது இறக்கிக் காட்டினார். காரின் கொக்கி 75 கிலோ வரை தாங்கக்கூடியது. அதன்மேல் இருந்ததோ 15 கிலோ. நம் பெட்டியையும் பாத்திரங்களையும் சக்கர அச்சின் மேலாகத் தரையோடு நகர்த்திய பின், அது 60 ஆயிற்று.

மறுநாள் அன்னையின் திருமுன் நன்றி செலுத்தினோம். திங்களன்று திரும்பும் வழியில் ஒரு வேளாண் கிடங்கின் எடைமேடையில் கேரவனை மட்டும் நிறுத்தினோம். அரிசியும் பருப்பும் தீர்ந்த பின்னும் 1,240 கிலோ! அக்கார் இழுக்கத்தக்க எல்லை 1,200. கேரவனின் வெற்று எடை 1,050 என்பதை மட்டுமே கண்டு தந்தை வாங்கியிருந்தார். பெட்டியையும் சில மூட்டைகளையும் காருக்குள் மாற்றிக்கொண்டு மெல்ல வீடு சேர்ந்தோம்.

வேறு கார் வேண்டும் என்பது தெளிவாயிற்று. தந்தையின் மனம் ஆற்றல் மிக்க பெரியதொரு ஜீப்பை நாடியது. அதற்கு ஐந்தாண்டுக் கடன் வேண்டியிருந்தது. அவ்வாரம் அவருடன் அமர்ந்து காகிதத்தில் கணக்கிட்டோம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் ஆண்டவரின் போதனை நம் நினைவில் இருந்தது.

முதற்கேள்வி, எவ்வளவு இழுக்கலாம் என்பது. ஐரோப்பியப் பதிவுச் சான்றிதழில் 'ஓ.1' என்னும் கட்டத்தில் பிரேக் உள்ள டிரெய்லருக்கான எல்லையும், 'ஓ.2' என்னும் கட்டத்தில் பிரேக் இல்லாததற்கான எல்லையும் உள்ளன. இரண்டாவது மிகக் குறைவு. மின்கார்களுள் சிலவற்றிற்கு இழுக்கும் அனுமதியே இல்லை. ஆதலால் விளம்பரத்தை நம்பாது சான்றிதழையே காண வேண்டும்.

இரண்டாவது, கொக்கி எவ்வளவு தாங்கும் என்பது. காருக்கும் கேரவனுக்கும் தனித்தனி எல்லை உண்டு. இரண்டில் சிறியதே செல்லும்.

மூன்றாவது, காரின் சொந்த எடை. பின்னே வருவது முன்னே செல்வதை விடக் கனமாயின், ஆடும்போது பின்னதே முன்னதை ஆளும். கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேற்படாதிருப்பது நன்று என்று பிரிட்டனில் புதியவர்களுக்கு அறிவுரை கூறுவர்.

நான்காவது, ஓட்டுநர் உரிமம். சாதாரண உரிமம் கொண்டவர் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்கையில், இரண்டுக்கும் அனுமதிக்கப்பெற்ற மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டலாகாது. 4,250 வரை செல்ல ஏழு மணி நேரப் பயிற்சியேனும் வேண்டும். ஜீப்பின் 2,900 கிலோவும் கேரவனின் 1,300 கிலோவும் சேர்ந்தால் 4,200! கடனோடு பயிற்சியும் வந்து சேரும்.

இறுதியில் அவர் தேர்ந்தது, ஏற்கெனவே ஓடிய ஒரு டீசல் ஸ்டேஷன் வேகன். அதன் சொந்த எடை 1,600 கிலோ; இழுக்கும் எல்லை 1,800; கொக்கி 80 தாங்கும். அனுமதித்த எடை 2,150, கேரவனுடன் 3,450. எல்லாம் கணக்குக்குள் அடங்கிற்று. ஆயினும் தந்தையின் முகத்தில் சற்று வாட்டம். அப்போது பாட்டி, "இழுக்கிற மாடு எங்கையும் கிடைக்கும், ராசா. குளக்கட்டு இறக்கத்தில தாங்கிப் பிடிக்கிற மாடுதான் வீட்டுக்கு வேணும்" என்றார். அதன்பின் அவர் ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம்மில் பெரும்பாலோர் கேரவன் இழுக்கப் போவதில்லை. ஆயினும் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், திருமணச் செலவு என எதையேனும் பின்னே மாட்டிக்கொண்டு ஓடாத குடும்பம் ஏது? எவ்வளவு இழுக்க முடியும் என்று மட்டுமே எண்ணிப் பார்க்கின்றோம். இறக்கத்தில் தாங்குமா என்று கேட்க மறந்துவிடுகின்றோம். எருதையும் கழுதையையும் ஓர் ஏரில் பூட்டலாகாது என்ற பழைய ஏற்பாட்டு விதி, அந்த எளிய உயிர்களின் மேல் கொண்ட இரக்கமும் ஆகும். பொருந்தாப் பாரம் வலியதையும் வருத்தும், எளியதையும் வருத்தும்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அக்குடும்பத்திலிருந்து மடல் வந்தது. மீண்டும் கெவலாருக்குச் சென்று வந்தார்களாம். 80-க்கு மேல் ஓட்டவில்லையாம். பெரிய பாத்திரங்களில் பாதி வீட்டிலேயே தங்கிவிட்டனவாம். புறப்படுமுன் எடைக்கருவியை வைத்துப் பார்த்தவர் பாட்டியே என்று சிறுமி தன் கையால் எழுதியிருந்தாள். நம் பாடற் புத்தகப் பெட்டியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அடுத்த முறை வந்தால் அதை நம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம்!