வேங்கிக்காலில் ஓர் ஆர்கண்டிப் புடவை

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, கோயிலை எட்டுவதற்கு முன்னாலேயே வேங்கிக்கால் வந்துவிடும். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் கலெக்டர் ஆபீஸ் இருப்பது இங்கேதான். ஆபீஸ் என்று ஒன்று வந்துவிட்டால் டிபன் கடையும் ஜெராக்ஸ் கடையும் தையல் கடையும் கூடவே வராமல் இருக்குமா? ஆனாலும் எந்தத் தெருவில் திரும்பினாலும் வீடுகளுக்கு மேலே அண்ணாமலை தெரிகிறது. அதற்காகவே இங்கே குடிவரலாம் போலிருக்கிறது!

கார்த்திகை தீபத்தன்று அந்த மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுகிறார்களே, அதற்குத் திரி எது தெரியுமோ? காடாத் துணி. ஏராளமான காடாவும் நெய்யும் அதற்கு ஆகிறதாம். காடா என்பது தறியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருக்கும், வெளுக்காத பருத்தித் துணி. அதே பருத்திக்குப் பிறந்த இன்னொரு மகளை, அதுவும் பரம சுகுமாரியை, மலையடிவாரத்து வீடு ஒன்றில் பார்த்தேன். அவள் பெயர் ஆர்கண்டி.

உங்கள் அம்மாவோ பாட்டியோ 1960-களில் எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். உடம்பில் ஒட்டாமல் விறைத்து நிற்கும் மெல்லிய தாவணி கண்ணில் பட்டால், அது ஆர்கண்டியாக இருக்கக்கூடும். அந்த விறைப்பு வெறும் கஞ்சியால் வந்ததல்ல. நயமான பருத்தித் துணியைக் கடுமையான கந்தக அமிலத்தில் சில விநாடிகள் மட்டும் முக்கி, உடனே அலசிவிடுவார்கள். நூலின் மேல்பரப்பு இளகி மறுபடி இறுகும்போது துணி கண்ணாடி போலவும் விறைப்பாகவும் ஆகிவிடுகிறது. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்த வித்தைக்குப் பெயர் பெற்றவர்கள் ஸ்விட்சர்லாந்தில் வாட்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஹேபர்லைன் கம்பெனியார். இன்று ‘ஆர்கன்சா’ என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலானது பாலியஸ்டர். அது வேறு ஜாதி.

நான் போன வீட்டில் அந்த அம்மாள் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்தது இளநீல ஆர்கண்டிப் புடவை. அவருடைய தாயார் கட்டியது. தாயார் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பிரித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் கீறல். “இதுக்கு பாத்திரக்காரன் ஒரு டம்ளர்கூடத் தரமாட்டான்” என்று அவர் சிரித்தாரே தவிர, கையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை.

ரவிக்கை அளவு எடுக்க வந்திருந்த அடுத்த தெருத் தையல்காரப் பெண் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அம்மா, மடிப்பில மட்டுந்தான் போயிருக்கு. நடுவுல எல்லாம் அப்படியே கெட்டியா இருக்கு. பாப்பாவுக்கு கவுன் தைக்கலாமே?” என்றாள்.

பேத்திக்கு அடுத்த மாதம் ஆண்டு நிறைவு. இருந்தாலும் அம்மாளுக்கு மனசு வரவில்லை. “எங்கம்மா புடவையில கத்திரி வைக்கறதா?”

“நாம வெட்டாட்டா அதுவே வெட்டிக்கும்மா” என்றாள் அந்தப் பெண்.

அதற்கு மறுபேச்சு இல்லை. அப்புறம் அவள் செய்த காரியங்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கலாம்.

முதலில் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினாள். காகிதம் எரிந்த வாசனை வந்தது, ஆகவே பருத்தி. மயிர் கருகிய நாற்றம் வந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் நைலான் வகை. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. பிறகு முந்தானை மூலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடேயே இஸ்திரி போட்டாள். பழைய விறைப்பு திரும்பி வந்தது! வெறும் கஞ்சியாக இருந்தால் தண்ணீரிலேயே போயிருக்கும்.

மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே நல்ல துணியாக இருந்த இடங்களில் காகித அளவுகளை வைத்து வெட்டினாள். ஆர்கண்டியில் தையலின் உள்பக்கம் வெளியே தெரியும் என்பதால் பிரெஞ்சுத் தையல்தான் சரி. முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல், பிசிறை ஒட்ட நறுக்கித் திருப்பி இன்னொரு தையல். பிசிறெல்லாம் உள்ளே அடங்கிவிடும். மெஷினுக்கு மெல்லிய ஊசி போடுங்கள். குழந்தையின் கழுத்திலும் கையிடுக்கிலும் இந்தத் துணி உறுத்தும். அங்கே மல் துணியில் உள்பாடி கொடுத்தே ஆகவேண்டும்.

கவுனின் கீழ்ச்சுற்றில் பூ வேலை. துணியின் பின்பக்கம் ஹெர்ரிங்போன் தையலை நெருக்கமாகப் போட்டால், முன்னால் நிழல் விழுந்தாற்போல் நிறம் கசிந்து தெரியும். லக்னோ சிக்கன் வேலையில் ‘பக்கியா’ என்பதும் இந்த மாதிரிதான். கெட்டித் துணியில் இந்த அழகு வராது.

மீந்த பட்டைகளைப் பட்டு ரவிக்கையின் பஃப் கைக்குள் வைத்துத் தைத்தால் கை தொங்காமல் உப்பி நிற்கும். காலருக்கும் உள்ளே கொடுக்கலாம். குஷன் உறை தைக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குச் சம்மதமில்லை. உட்கார்ந்தால் குத்தும், ஒரு மாதத்தில் கிழியும். ஜன்னல் திரையாகப் போட்டாலோ வெயிலே தின்றுவிடும்.

வெட்ட மனமில்லாதவர்கள் புடவையைக் கஞ்சியில்லாமல் அலசி, நன்றாக உலர்த்தி, பழைய வெள்ளை வேட்டியோடு சேர்த்து உருளையாகச் சுருட்டி வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். மடித்து வைத்தால் மறுபடி அதே இடத்தில் கீறும்.

கைக்குட்டை அளவுத் துண்டு ஒன்று எஞ்சியது. பட்டு ரவிக்கையின் மேல் விரித்து இஸ்திரி போட அதையே எடுத்துக்கொண்டாள் தையல்காரப் பெண். அடியில் இருக்கும் மடிப்பு நேராக இருக்கிறதா என்று மேலேயிருந்தே தெரிகிறதே!